காக்காப்பொன்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் நான் ஏதோ பெரிதாக யோசித்து எழுதினேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சொல் 'அவரு'.

என் பெண்டாட்டி சரிதா என் பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் அம்மாவிடம் போனில் பேசினாலும் சரி, வாசலில் கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடம் பேசினாலும் சரி, "அவரு ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு", "அவரு வந்ததும் சொல்றேன்" என்பாள். முன்னால் பெயர் எதுவும் இல்லாமல் வந்தால் அந்த 'அவரு' நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல் என் பெயருக்குப் பட்டா ஆன மாதிரி.

போன மாதம் ஒரு சாயங்காலம், என் தட்டில் இரண்டாவது களி உருண்டையை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாவம், அவரு இன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

நான் தட்டைப் பார்த்தேன். முதல் உருண்டை முழுதாக உள்ளே போயிருந்தது.

"யாரு?"

"அதாங்க, தங்கதுரை. எங்க பட்டறையில டர்போ பாக்கறவரு."

பெயர் பின்னால் வந்தது. 'அவரு' முன்னாலேயே வந்துவிட்டது. அன்றைக்கே இதை எழுதத் தொடங்கினேன். இதற்குப் பெயர் பொறாமை. நாகரிகமாக வேறு சொல் கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

2

முதல் தொடக்கம்:

"ஓசூரில் ஒரு கார் பட்டறை. அங்கே வெங்கடப்பன் என்று ஒரு மெக்கானிக். வயது நாற்பத்தைந்து. வழுக்கை. தொப்பை பனியனுக்கு வெளியே தொங்கும். வாயில் எந்நேரமும்—"

(விட்டுவிட்டேன். வாயில் எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சரிதா பின்னால் நின்று படித்துவிட்டாள். "இது தங்கதுரைதானே? ஏங்க, அவருக்கு எதுக்கு வழுக்கை வச்சீங்க? தலை நெறைய முடிங்க அவருக்கு!" என்று சிரித்தாள். அவளுக்கு அது சிரிப்பு. முடியைக் கவனித்திருக்கிறாளே என்பது எனக்கு. "சரி, இதுல நான் எங்க?" என்று அடுத்துக் கேட்டாள். அவளை நான் கதையில் சேர்க்கவே இல்லை. அவள் இல்லாத பட்டறையில் அவனைத் தனியாக விட்டிருந்தேன்.)

இரண்டாம் தொடக்கம், கொஞ்சம் பாடம் நடத்தியது:

"வேகமாக ஓடும் கார்களில் டர்போ என்று ஒன்று உண்டு. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை வீணாகாமல் ஒரு சின்ன விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கிறது. தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். அந்தத் தண்டு உட்காரும் இடம், பித்தளை நிறத்தில் விரல்நுனி அளவே உள்ள புஷ். உண்மையில் தண்டைத் தாங்குவது புஷ்ஷும் இல்லை, நடுவில் இருக்கும் எண்ணெய். முடியைவிட மெல்லிய படலம். அது இருக்கும்வரை தண்டு எதையும் தொடாது. தொட்டால் தேயும். தேய்ந்தால் தண்டு ஆடும். ஆடினால் விசிறி உறையில் உரசும், எண்ணெய் கசிந்து நீலப் புகையாக வெளியே வரும்."

(இதற்குக் கீழே புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியையும் எண்ணெயையும் பற்றி ஒரு பத்தி எழுதினேன். படிக்கவே கேவலமாக இருந்தது. அடித்துவிட்டேன். எண்ணெய் என்றால் எண்ணெய்தான்.)

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் புஷ் பார்க்கிறவன். கடைந்து வரும் புஷ்ஷை அளந்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிப்பது என் வேலை. எங்கள் புஷ் டர்போவுக்குப் போவதில்லை, தண்ணீர் பம்புக்குப் போகிறது. அதைப் பற்றி யார் வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் பேசியிருக்க மாட்டார்கள்.

3

மூன்றாம் தொடக்கம் என்னுடையது அல்ல, சரிதாவுடையது. அன்றைக்குக் களியைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னது. அவள் அந்தப் பட்டறையில் வாடிக்கையாளர்களிடம் பேசி வண்டியை வாங்கி உள்ளே அனுப்பும் வேலையில் இருக்கிறாள்.

"கிருஷ்ணகிரில கிரானைட் வச்சிருக்கற தீர்த்தகிரி சாரு இருக்காருல்ல, அவரோட கருப்பு வண்டிங்க. எக்கச்சக்கமா செலவு பண்ணி வேகத்த ஏத்தி வச்சிருக்காரு. டர்போ போச்சுன்னு மாத்திக் குடுத்தோம். கொஞ்ச மாசத்துல மறுபடி போச்சு. அதையும் மாத்தினோம். இன்னைக்கு என்னா ஆச்சு தெரியுமா? வண்டி இன்னும் கேட்டுக்குள்ளயே வரல. ரோட்டுலதான் வருது. தங்கதுரை ஸ்பேனர கீழ வச்சுட்டு காத இப்படி வச்சாரு. 'மேடம், ஆம்புலன்ஸ் வருதா, இல்ல நம்ம தீர்த்தகிரி சாரு வர்றாரா?'ன்னாரு. ஊய்ய்ங்னு அவ்வளவு சத்தம்! உள்ள வந்து நின்னா அந்தக் கருப்பு வண்டி!"

ஊய்ய்ங் என்பதற்கு உதட்டைக் குவித்தாள், இடது கையால் காதை மடக்கிக் காட்டினாள். நான் வாயில் வைத்த களியை விழுங்க மறந்து கேட்டேன். எரிச்சலே அதுதான். நான் எழுதிய எதையும் யாரும் சாப்பாட்டை மறந்து கேட்டதில்லை.

இப்போது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது டர்போவும் போய்விட்டது. பட்டறையில் மாட்டத் தெரியாமல் மாட்டுகிறார்கள் என்கிறார் தீர்த்தகிரி. சூடாக ஓட்டிவந்து சட்டென்று இன்ஜினை நிறுத்திவிடுகிறார், அதனால்தான் போகிறது என்கிறான் தங்கதுரை. டர்போ கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து எல்லார் முன்னிலையிலும் பார்ப்பதாக ஏற்பாடு. பட்டறை மேல் தப்பு என்றானால் தங்கதுரையை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். மேனேஜர் அதை மறைக்காமலே சொல்லிவிட்டாராம். அவன் சாப்பிடாமல் இருந்தது அதனால்தான்.

4

இந்த ஆளை என்னால் நம்ப முடியவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். கல்யாணம் ஆகவில்லை. எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறான். கையும் சுத்தம், வேலையும் சுத்தம். இப்படி ஒருவனைக் கதையில் வைத்தால் படிக்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்களா? அதனால் அவனுக்குக் குடிப்பழக்கம் வைத்துப் பார்த்தேன். ஊரில் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டு வந்ததாக வைத்துப் பார்த்தேன். எதுவும் அவன் மேல் ஒட்டவில்லை.

அவனுக்கும் சரிதாவுக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று நீங்கள் இதற்குள் கேட்டிருப்பீர்கள். ஒன்றும் இல்லை. என் கஷ்டமே அதுதான். ஏதாவது இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். ஒருவன் வேலையை நன்றாகச் செய்கிறான், ஒருத்தி அதைக் கண் விரியச் சொல்கிறாள். இதற்கு எந்தச் சட்டையைப் பிடிப்பது?

5

சனிக்கிழமை மத்தியானம். சரிதா தன் ஸ்கூட்டரை டயர் மாற்ற விட்டிருந்தாள். அவளைக் கூட்டிவர நான் பட்டறைக்குப் போனேன். (நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிப் போனேன்.)

"வாங்கண்ணே! மேடம் பில் போட்டுக்கிட்டு இருக்காக. வெயில்ல ஏன் நிக்கிறீக, உள்ள வாங்க." அவனேதான். முடி நிறைய இருந்தது. "கதை எழுதுவீகளாமே? மேடம் சொல்லுவாக. என்னைய வச்சு ஒண்ணு எழுதுங்கண்ணே. ஆனா கடைசில கொன்னுப்புடாதீக."

"பாக்கலாம்" என்றேன்.

"நீங்க புஷ்ஷு பாக்கிறவுகதானண்ணே? இதக் கொஞ்சம் பாருங்களேன்." தீர்த்தகிரி வண்டியில் கழற்றின டர்போவை எடுத்து நீட்டினான். தண்டின் நுனியை விரலால் தொட்டான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "ஆடுன பல்லு மாதிரி ஆடுது பாருங்க. எண்ணெய் ஃபில்டர அறுத்தும் பாத்துட்டேன். உள்ள ஒரே மினுமினுப்பு. காந்தம் வச்சேன், ஒட்டல. அப்ப இரும்பு இல்ல, பித்தளை. புஷ்ஷே அரைபட்டு எண்ணெயில வருது. சூடா ஓட்டியாந்து பட்டுனு நிப்பாட்டுறாரு. எண்ணெய் வரத்து நின்னுபோகுது, தண்டு மட்டும் சுத்திக்கிட்டே கெடக்கு. வேற என்னண்ணே?"

நான் தண்டைப் பார்த்தேன். சூட்டில் காய்ந்திருந்தால் நீலம் பாரித்திருக்கும். புகைப் பக்கம் எண்ணெய் தீய்ந்து கரி பிடித்திருக்கும். இரண்டும் இல்லை. தண்டைச் சுற்றிச் சுற்றி மெல்லிய கோடுகள், ஊசியால் கீறின மாதிரி. பிறகு ஃபில்டரைப் பார்த்தேன். பித்தளைத் துகள் மங்கலாக, உருண்டையாகக் கிடக்கும். இது தட்டையாகப் படுத்துக்கொண்டு, சாய்த்தால் பளிச்சென்று அடித்தது.

கொஞ்சத்தை நகத்தில் எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தேன்.

நற.

என் அப்பனும் ஆத்தாளும் சூளகிரிப் பக்கம் கல் உடைத்தவர்கள். குவாரியில் சோற்றுக்கும் தூசிக்கும் நடுவில் தூக்குச்சட்டியின் மூடி மட்டும்தான், அதைத் திறந்தால் அதுவும் இல்லை. கிரானைட் தூசியும் ஆற்று மணலும் பல்லுக்கு வேறு வேறு. இது கிரானைட். அந்தப் பாறையில் மினுக்கும் தகட்டுக்குக் காக்காப்பொன் என்று பெயர். பொன் மாதிரி மின்னும், பொன் இல்லை. காந்தம் ஒட்டாது. தங்கதுரை கரிசல்காட்டில் பிறந்தவன். அவன் பாறைத் தூசியைத் தின்றதில்லை. காந்தம் ஒட்டவில்லை, மின்னுகிறது, அதனால் பித்தளை என்று கணக்குப் போட்டுவிட்டான். இந்த ஊர்க்காரன் யாரும் போட்டிருக்க மாட்டான்.

"என்னண்ணே, தின்னு பாக்குறீக? உப்பு சரியா இருக்கா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சரிதா வந்து நின்றிருந்தாள். அவன் சொன்னது அவளுக்கும் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாக்கு நுனி வரை வந்திருந்த சொல்லை நான் விழுங்கிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே டீக்கடைக்குப் போனேன்.

(அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா? இந்த இடத்தில் 'சொல்லியிருப்பேன்' என்று எழுதி வைத்திருந்தேன். சந்தேகமாக இருக்கிறது. கேள்வியாகவே விட்டுவிடுகிறேன்.)

6

டீக்கடையில் தீர்த்தகிரி நின்றிருந்தார். யாரிடமோ போனில் "ஒஸ்தானு, ஒஸ்தானு" என்று வருவதாகத் தெலுங்கில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பட்டறையில் வண்டி விட்டவன் என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்து விடுங்க சார் இங்க. எனக்கு மூணாவது டர்போ. கேட்டா, எனக்கு ஓட்டத் தெரியலங்கறான் அந்தப் பையன். நான் வண்டி நிறுத்துனா ரெண்டு நிமிசம் இன்ஜின் ஓடிட்டே இருக்க, உள்ள உக்காந்து பாட்டு கேட்டுட்டுத்தான் ஆஃப் பண்றேன். உள்ள கேமரா இருக்குது, அத்தனையும் அதுல பதிஞ்சிருக்குது. இன்னும் யாருக்கும் காட்டல. திங்கக்கிழமை கம்பெனி ஆளு வரட்டும். எல்லாரு முன்னாடியும் போட்டுக் காட்டறேன். அப்புறம் மூஞ்சிய எங்க வச்சுக்கறான்னு பாக்கறேன்."

"எண்ணெய் அளவெல்லாம் சரியா இருந்துச்சுங்களா?"

"அளவா? நம்ம பாலீஷ் ஷெட்டுலயே கேன் வச்சிருக்கேன். வாரா வாரம் எங்கையாலயே ஊத்தறேன். பெத்த புள்ளைக்குப் பால் ஊத்தற மாதிரி ஊத்தறேன் சார்."

"கேனுக்கு மூடி?"

"மூடி எங்கியோ போச்சு. வேஸ்ட் துணி அடைச்சு வச்சிருக்குது. ஏன்?"

"சும்மாத்தான்" என்றேன்.

கல்லின் ஓரத்தை அரைக்கும் ஷெட்டில் துணி அடைத்த கேன்.* புஷ் தேயத் தேய வண்டி எண்ணெய் குடிக்கும். குடிக்கக் குடிக்க இவர் பாசமாக ஊற்றுவார். ஊற்ற ஊற்றத் தூசி போகும். எத்தனை டர்போ மாற்றினாலும் இதே கதைதான்.

* ஃபில்டர் இருக்கிறதே என்று வண்டி தெரிந்தவர்கள் கேட்பீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்று எண்ணெய் குறுக்கு வழியில் போக ஏற்பாடு உண்டு. அப்போது தூசியும் சேர்ந்து போகும். கம்பெனி ஆள் கண்டுபிடித்துவிட மாட்டானா என்றும் கேட்பீர்கள். அவன் தன் கம்பெனி மேல் தப்பில்லை என்று எழுதவே வருகிறான். அது கிடைத்ததும் கிளம்பிவிடுவான்.

திரும்பும்போது சரிதா பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்கண்டப்பள்ளி தாண்டியதும் என் தோளுக்குக் கிட்டே வந்தாள்.

"பல்லுல வச்சுப் பாத்தீங்களே. என்னா தெரிஞ்சுது?"

"பித்தளைதான்."

"நெசமா?"

"தங்கதுரை சொல்றது சரி. சூட்டோட நிறுத்தறாரு, அதான் போவுது."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் தோளை அழுத்தியது மட்டும் தெரிந்தது. "அப்படியா! நீங்களும் அதேதான் சொல்றீங்களா!"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அது வெறும் வாய்மூடல். நான் செய்தது அது இல்லை. அவன் தப்பை நான் சரி என்றேன், அவன் அதைத் தைரியமாகப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை விழ வேண்டும் என்பதற்காக. இப்படி ஒரு ஆளைக் கதையில் படைத்திருந்தால் அவனுக்கு ஒரு நல்ல குணமாவது சேர்த்து வைத்திருப்பேன்.

7

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ. சரிதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் உண்மையைச் சொல்கிறேன். கத்தியைப் போட்டுவிட்டு அவனுக்கு போன் போடுகிறாள். "தங்கதுரை, கண்டுபிடிச்சாச்சு! கல்லுத்தூசியாம்!" யார் கண்டுபிடித்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்வதாகவும் மாற்றி எழுதினேன். அப்போதும் அந்தப் பக்கம் அவன் சந்தோஷப்படுவதுதான் அவள் முகத்தில் தெரிந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

முடிவு ஆ. நான் சொல்லவில்லை. தங்கதுரை பையோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். மழை வைத்தேன், அதிகமாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன். பஸ் ஏறுகிறான். ஊரில் சொந்தமாகப் பட்டறை போடுகிறான். கூட்டம் அலைமோதுகிறது. (பாருங்கள், நான் துரத்திவிட்டாலும் அவன் நன்றாகவே இருக்கிறான். என் கதையிலேயே என்னால் அவனைக் கெடுக்க முடியவில்லை.)

முடிவு இ. கடைசி நேரத்தில் அவனே கண்டுபிடித்துவிடுகிறான். ஃபில்டர் துகளை ஒரு உடைந்த கண்ணாடியில் தேய்க்கிறான். பித்தளை கண்ணாடியைக் கீறாது. இது கீறுகிறது. அவனுக்கு விளங்கிவிடுகிறது. இதுதான் நியாயமான முடிவு. யாரும் கெட்டவனாகவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் சரிதா வீட்டுக்கு வந்து, கண்ணாடி கீறுகிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டி, எனக்குக் களி போட்டுக்கொண்டே—

(வேண்டாம்.)

8

இன்று திங்கட்கிழமை. முடிவுகள் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு நடப்பதை எழுதுகிறேன்.

சரிதா இஸ்திரி போட்ட சுடிதார் போட்டிருக்கிறாள். ஸ்கூட்டரை வாசலுக்குத் தள்ளிவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, உங்ககிட்டச் சொல்லவே மறந்துட்டேன். மேனேஜருக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். எங்க வீட்டுக்காரரு பதினஞ்சு வருசமா புஷ்ஷு பாக்கறவரு சார், அவரு பல்லுல வச்சுப் பாத்தே சொல்லிட்டாரு, தங்கதுரை சொல்றது சரின்னு. அப்படின்னேன். மேனேஜரு, 'அப்ப நீயே கம்பெனி ஆளுகிட்ட அதச் சொல்லும்மா'ன்னுட்டாரு. தீர்த்தகிரி சாரு இருப்பாரு, எல்லாரும் இருப்பாங்க. நாந்தான் பேசப் போறேன்!"

"நீயா?"

"பின்ன? எம் புருசன் சொன்னத நான் சொல்லாம வேற யாரு சொல்லுவாங்க?" பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினாள். என்னை மாதிரியே தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி. அவ்வளவு அச்சாக இருந்தது. என்னை வைத்து அவள் ஒரு கதை தயார் செய்திருக்கிறாள்.

இதற்குத்தான் ஒரு மாதமாக வயிறு எரிந்தேன். இன்றைக்கு அந்தப் பட்டறையில், அத்தனை பேர் நடுவில், அவள் என்னைப் பற்றிச் சொல்லப் போகிறாள். கண் விரியச் சொல்வாள். எல்லாரும் வேலையை மறந்து கேட்பார்கள். அவள் சொல்லி முடித்ததும் தீர்த்தகிரி கேமராவைப் போட்டுக் காட்டுவார். அப்போது தங்கதுரை மட்டும் தனியாக நிற்க மாட்டான், பக்கத்தில் சரிதாவும் நிற்பாள்.

இப்போது சொன்னால் அவனுக்கு வேலை மிஞ்சும். ஆனால் தூசி என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. சனிக்கிழமையே தெரியும் என்றும் சொல்ல வேண்டும், ஏன் மறைத்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

படிக்கிற உங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உங்களில் யாராவது ஓசூரில் இருந்தால் நேராகப் போய்ச் சொல்லிவிடலாமே என்று தோன்றலாம். முடியாது. தங்கதுரை என்பது அவன் பெயர் இல்லை. ஊரும் அருப்புக்கோட்டை இல்லை. பட்டறைக்குப் பெயரே வைக்கவில்லை. மானம் மரியாதை கருதிச் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் என்னை முந்திக்கொண்டு அவனைக் காப்பாற்றிவிடக் கூடாது என்றுதான் செய்தேன்.

அவள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துவிட்டாள். தாடைக்குக் கீழே கிளிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டால் நான் கத்தினாலும் கேட்காது.

"சரிதா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"ம்?"

திரும்பி நிற்கிறாள். கிளிப் இன்னும் கையில்தான் இருக்கிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். நான் உண்மையைச் சொல்வதாகவும் எழுதலாம், "பாத்துப் போ" என்று சொல்வதாகவும் எழுதலாம். இரண்டும் இந்த வாய்க்கு வரும்.